கார்டு கடன் ஏன் 60,000-லேயே நிற்கிறது? வருடச் செலவை மாதக் கணக்கில் கொண்டுவரும் வழி

கேள்வி கேட்ட சகோதரி எழுதியதன் சுருக்கம் இது. சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம், பிழைப்பு திருப்பூரில், வாடகை வீடு. கணவருக்கு 27,000, பனியன் கம்பெனியில் இவருக்கு 15,000, ஆக மாதம் 42,000 வருகிறது. வாடகை, மளிகை, பால், பெட்ரோல், கரண்ட் எல்லாம் சேர்ந்து 26,000 போகிறது. பர்சனல் லோன் பாக்கி 1,40,000, ஈஎம்ஐ 6,200. வங்கியில் ஒரு நகைக்கடன் 60,000. கிரெடிட் கார்டில் 60,000. மிச்சமாகும் 9,800-ஐ மாதாமாதம் கார்டுக்கே கட்டுகிறார்கள், தீபாவளி போனஸ் 18,000-மும் அதற்கே போகிறது. இரண்டு வருடமாகியும் கார்டு பாக்கி 60,000-ஐ விட்டு இறங்கவில்லை. "ஸ்கூல் ஃபீஸ், இன்ஷூரன்ஸ், கல்யாணம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. அதற்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்கலாமா என்றால், இவ்வளவு வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு சேமிப்பது முட்டாள்தனம் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?"

சகோதரி, நீங்கள் இருவரும் ஊதாரிகள் அல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தக் குற்ற உணர்ச்சி இரண்டு இடத்தில் தெரிகிறது. நீங்கள் கொடுத்த எண்களையே கூட்டிப் பார்த்தால், கடன் குறையாமல் நிற்பதற்கான காரணம் கிட்டத்தட்ட ரூபாய் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

மாதாமாதம் வராத, ஆனால் வருடா வருடம் வந்தே தீரும் செலவுகளை உங்கள் கடிதத்திலிருந்து பொறுக்கி எழுதினேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், ஷூ எல்லாம் 24,000. அக்டோபரில் இரண்டாம் தவணை 10,000. வண்டிக்கு இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் சேர்த்து 7,000. எல்ஐசி பிரீமியம் மார்ச்சில் 12,000. தீபாவளி 15,000. பொங்கல் 4,000. மாசியில் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போய் வர 4,000. மொய், சீர், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் 12,000. மருத்துவம் 8,000. மிக்ஸி, ஃபேன், செல்போன் என்று ரிப்பேர் 4,000. இத்தனையும் சேர்த்து ஒரு லட்சம். இதில் நீங்கள் சேர்க்க மறந்த ஒன்று இருக்கிறது: அந்த நகைக்கடனைத் திருப்பி வைக்க வருடத்துக்கு ஒருமுறை கட்டும் வட்டி. 10 சதவீதம் என்று வைத்தால் 6,000. கடன் என்ற தலைப்பில் இருப்பதால் அதை யாரும் செலவாக எழுதுவதில்லை, ஆனால் ஆகஸ்டில் பணம் போகும்போது அதுவும் ஒரு ஸ்கூல் ஃபீஸ் மாதிரிதான் போகிறது. மொத்தம் 1,06,000.

இனி கார்டு. பெரும்பாலான கார்டுகளில் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் அல்லது அதைவிடச் சற்றுக் கூட. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் மாதம் 4.13 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நாலு வட்டிக்கும் மேல். வருடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது சதவீதம். 60,000 பாக்கி வருடம் முழுவதும் நின்றால் வட்டி மட்டும் 29,700.

இப்போது ஒரு வருடத்தைக் கூட்டிக் கழியுங்கள். ஆரம்பத்தில் பாக்கி 60,000. அதன்மேல் 1,06,000 செலவு ஏறுகிறது, 29,700 வட்டி ஏறுகிறது. நீங்கள் கட்டுவது 12 மாதம் 9,800, அதாவது 1,17,600, அதோடு போனஸ் 18,000. ஆக 1,35,600. கழித்தால் மிச்சம் 60,100. கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறீர்கள். நீங்கள் வருடம் முழுக்கக் கட்டியது கடனை அல்ல; வருடச் செலவையும் அதற்கான வட்டியையும்.

மாதம் 9,800 மிச்சமாகிறது என்ற எண்ணம்தான் இங்கே தவறு. 1,06,000-ஐ 12-ஆல் வகுத்தால் 8,833. அதைக் கழித்தால் உங்கள் நிஜமான மாத மிச்சம் 967 ரூபாய். இதைப் படித்ததும் வயிறு கலங்கும், தெரியும். ஆனால் இந்த எண் தெரியாமல் போடும் எந்தக் கடன் திட்டமும் ஜூன் மாதத்தில் உடைந்துவிடும்.

வீட்டுக்காரரின் வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் கிடைப்பது 3 சதவீதத்துக்குள். கார்டில் போவது 50. ஒரு கையில் 20,000 ரூபாயைச் சும்மா வைத்துக்கொண்டு மறு கையில் 20,000-க்கு மாதம் 826 ரூபாய் வட்டி கட்டுவது நஷ்டம்தான். கார்டுக்குப் போட்ட பணம் முழுக்கப் போய்விடுவதும் இல்லை; கட்டிய அளவுக்கு லிமிட் திரும்பத் திறக்கிறது, ஜூனில் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். வெறும் வட்டிக் கணக்காகப் பார்த்தால், கார்டு பாக்கி இருக்கும்வரை அவர் சொல்வது சரி.

நடைமுறையில் மூன்று இடத்தில் அது இடிக்கிறது. பாக்கியை முழுசாகத் தீர்க்காத கார்டில் வட்டியில்லா நாட்கள் கிடையாது. புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். இரண்டாவது, லிமிட் நம் சொத்து அல்ல, வங்கி நினைத்தால் குறைக்கலாம். மூன்றாவதுதான் உங்கள் வீட்டில் பெரிய விஷயம்: உங்கள் செலவில் பாதி கார்டில் போகாது. மொய் எழுதக் கார்டு நீட்ட முடியாது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட, ஊர் டவுன்பஸ்ஸுக்கு, பல சின்னப் பள்ளிகளில் ஃபீஸுக்கும்கூட ரொக்கம்தான். கார்டிலிருந்து ரொக்கம் எடுத்தால் எடுத்த அன்றே கட்டணம் தனி, வட்டி தனி. அது முடியாதபோது கைமாற்று, தெரிந்தவரிடம் மூணு வட்டி. அப்படித்தான் ஒரு கடன் இரண்டாகிறது.

பர்சனல் லோனுக்கோ இந்த வாதம் அறவே பொருந்தாது. அதில் கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பி வராது. ஆர்வத்தில் ஒரு 20,000-த்தை அதில் போட்டுவிட்டு, ஜூனில் கார்டைத் தேய்த்தால், 16 சதவீதக் கடனைக் குறைத்து 50 சதவீதக் கடனை வாங்கியதாக ஆகும். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான், அதுவும் கணக்கில் கெட்டிக்காரர்கள் செய்தது.

ஆகவே என் பதில்: எவ்வளவு முன்கூட்டியே எடுத்து வைப்பது என்பதைக் கடனின் வட்டிதான் தீர்மானிக்க வேண்டும். நாலு வட்டிக் கடன் தலைமேல் இருக்கும்வரை அடுத்த இரண்டு மாதத்தில் வரப்போகும் செலவுக்கு மட்டும் ரொக்கம் வையுங்கள், மீதியைக் கார்டில் போடுங்கள். கடன் 10, 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் வருடம் முழுவதற்கும் பங்கு பிரித்து எடுத்து வைக்கலாம். அதில் வரும் வட்டி நஷ்டம் மாதம் சில பத்து ரூபாய்தான், நிம்மதிக்கு அது மலிவான விலை.

அப்படியானால் முதல் வேலை அந்த 60,000-த்தைக் கார்டிலிருந்து கிளப்புவது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போனஸிலிருந்து தீபாவளியைச் சமாளித்தாலும் மற்ற வருடச் செலவு 91,000. மாதம் 7,583 எடுத்து வைத்தால் கடனுக்கு மிஞ்சுவது 2,217. கார்டு வட்டி மட்டும் மாதம் 2,478. எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இந்தக் கடனை இந்த வட்டியில் உங்கள் வருமானத்தால் அடைக்க முடியாது. சிக்கனத்தால் தீராத இடம் இது.

நான்கு சவரன் வளையல் அடகு வைக்காமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை வைக்க மனசில்லை என்றும். அந்த மனசு எனக்குப் புரிகிறது. அம்மா வீட்டில் போட்ட நகை என்றால் அதை வெறும் பணமாகப் பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் வைக்கச் சொல்கிறேன். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ 10 சதவீதம் போல வட்டிக்கு 60,000 வாங்கி அன்றைக்கே கார்டில் கட்டினால், வருட வட்டி 29,700-லிருந்து 6,000 ஆகிறது. வருடத்துக்கு 23,700 மிச்சம். இது உங்கள் பள்ளிச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு. தேவையான அளவு நகையை மட்டும் வையுங்கள். நான்கு சவரனுக்கு இவ்வளவு கிடைக்கும் என்று கவுண்டரில் சொன்னாலும் 60,000-க்கு மேல் வாங்காதீர்கள். அடகுக்கடைப் பக்கம் போக வேண்டாம். அங்கே ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். இடையிடையே கையில் இருப்பதைக் கட்டினால் அசலில் கழிப்பார்களா என்று கேட்டுக்கொண்டு வையுங்கள். பெரும்பாலான வங்கிகளில் கழிப்பார்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் வகையில் வாங்கினால் கெடு அதிகபட்சம் 12 மாதம். கெடு தாண்டினால் நோட்டீஸ், பிறகு ஏலம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டியது முதலில் நீங்கள்தான்.

இதைப் படிக்கும் எல்லோரிடமும் நகை இருக்காது. அவர்கள் கார்டு கம்பெனியிடம் பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். 18 சதவீதத்தில் 36 மாதம் என்றால் 60,000-க்கு மாதம் சுமார் 2,170. வட்டிக்கு ஜிஎஸ்டி தனி. நகைக்கடனைவிடக் கூடுதல்தான், ஆனால் முடிவுத் தேதி உள்ள கடன்.

கார்டில் 60,000 கட்டியதும் கதை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடையிலான வட்டி அடுத்த பில்லில் வரும். அதையும் கட்டி, அதற்கடுத்த பில் பூஜ்யம் காட்டும்வரை கவனியுங்கள். பிறகு போனில் இருக்கும் ஆப்களிலிருந்து கார்டு எண்ணை நீக்கிவிட்டு, லிமிட்டை 15,000, 20,000-க்குக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை. நடு இரவில் ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால் அது உதவும்.

அடுத்தது, வருடச் செலவுக்கு மாதப் பங்கு. இதைப் பற்றி எழுதும் பலரும் "வருடச் செலவை 12-ஆல் வகுத்து எடுத்து வையுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். முதல் வருடத்தில் அது வேலை செய்யாது. நீங்கள் எழுதியது ஜனவரி கடைசியில். பிப்ரவரியிலிருந்து மாதம் 7,583 போட்டால் மே முடிய 30,332 சேரும். அதற்குள் வருவது என்ன? மார்ச்சில் எல்ஐசி 12,000, மாசியில் குலதெய்வம் 4,000, பள்ளி திறக்கும்போது 24,000. இதுவே 40,000. வைகாசி முகூர்த்தங்களை இன்னும் சேர்க்கவில்லை. பத்தாயிரத்துக்கும் கார்டைத் தேய்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று நோட்டை மூடிவிடுவார்கள். தவறு திட்டத்தில் இல்லை, தொடங்கிய மாதத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பாரம் முழுக்க மாசி முதல் வைகாசி வரை விழுகிறது.

அதனால் முதல் நாலு சம்பளத்தில் கடனுக்குக் கூடுதலாக எதுவும் கட்ட வேண்டாம். 9,800 முழுவதையும் தனிக் கணக்கில் போடுங்கள். மே கடைசிக்குள் 39,200. எல்ஐசி, குலதெய்வம், பள்ளி போக இன்னும் 800 ரூபாய் குறைகிறது. இங்கே எல்ஐசி பிரீமியத்தை அரையாண்டுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மார்ச்சில் பாலிசி ஆண்டு புதிதாகத் தொடங்கும் நேரத்தில் கிளையில் எழுதிக் கொடுத்தால் மாற்றலாம். பல பாலிசிகளில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் 2 சதவீதம், அரையாண்டு என்றால் 1 சதவீதம் தள்ளுபடி. வித்தியாசம் உங்களுக்கு வருடம் 120 ரூபாய் அளவு. அதைக் கொடுத்து 6,000 ரூபாயை மார்ச்சிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளுகிறீர்கள். அப்போது மே கடைசியில் எல்லாம் போக 5,200 கையில் நிற்கும், வைகாசி மொய்க்கு. (போன வருட ரசீதை வைத்து இந்த வருடப் பிரீமியத்தைக் கணக்குப் போடாதீர்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆண்டு, அரையாண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலமும் உண்டு. மார்ச் சம்பளம் தாமதமானால் பதற வேண்டாம்.)

ஜூனிலிருந்து மாதம் 7,583 கணக்குக்கும் 2,217 புதிய நகைக்கடனுக்கும். தீபாவளி போனஸில் 15,000 தீபாவளிக்கு, 3,000 நகைக்கடனுக்கு. இப்படிப் போனால் அடுத்த ஜனவரி முடிவில் தனிக் கணக்கில் எட்டு, ஒன்பதாயிரம் மிச்சம் இருக்கும். அது உபரி அல்ல, தொட்டுவிடாதீர்கள். அடுத்த மாசி–வைகாசி பாரத்தைத் தாங்கப் போவது அதுதான். முதல் நாலு மாதம் கடனுக்குக் கட்டாமல் விட்ட பணம்தான் அங்கே போய் நிற்கிறது. அதன் விலை, கடன் முடிய நாலைந்து மாதம் தள்ளிப்போவது. கார்டைத் திரும்பத் தொடாமல் இருப்பதற்கு நான் அந்த விலையைக் கொடுக்கத் தயார்.

மொய்க்கு நீங்கள் ஒதுக்கிய 12,000 போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் மொய் என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதியவருக்கு அவர் விசேஷத்தில் அதற்குமேல் வைத்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் சபையில் பேச்சு வரும். ஆகவே அதுவும் ஒரு கடன்தான், வட்டியோடு, தேதி மட்டும் தெரியாது. ஆனால் தேதியை ஓரளவு கணிக்கலாம். மொய் நோட்டை எடுங்கள். பிள்ளைகள் காதுகுத்துக்கு யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பாருங்கள். அதில் திருப்பிச் செய்தவர்களுக்கு ஒரு கோடு போடுங்கள். மிச்சமிருப்பவர்களில் யார் வீட்டில் கல்யாண வயசுப் பிள்ளைகள், யார் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்குப் பேரன் பிறந்திருக்கிறது என்பது உங்கள் மாமியாருக்கோ அம்மாவுக்கோ நன்றாகத் தெரியும். அவர்களோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால், அடுத்த ஒன்றரை வருடத்து மொய்க் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். இந்த விஷயத்தில் எந்த ஆப்பும் அவர்களுக்கு இணையில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பெரும்பாலும் இல்லை. அந்த மாதங்களில் மொய்ப் பங்கு செலவாகாமல் சேர வேண்டும். சேராவிட்டால் தை பிறந்ததும் தெரிந்துவிடும்.

தாய்மாமன் சீர் வருமென்றால் அதை 12,000-க்குள் அடைக்க முயலாதீர்கள். தனியாக எழுதுங்கள். வீட்டுக்காரருக்குத் தங்கை உண்டு, அவர் மகளுக்கு 11 வயது என்று சொல்லியிருக்கிறீர்கள். சடங்குச் சீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வரும். கார்டு வட்டி நின்றபின் கையில் ஏதாவது கூடுதலாக வந்தால், ஓவர்டைமோ ஊக்கத்தொகையோ, கடனுக்கு முன்னால் இதற்கு ஒரு 10,000 சேர்ப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

மருத்துவத்தில் ஒரு நல்ல செய்தி. உங்கள் சம்பளம் 15,000. ஈஎஸ்ஐ வரம்பு 21,000. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா பாருங்கள். பிடித்தால் நீங்கள் மட்டும் அல்ல, கணவரும் பிள்ளைகளும் ஈஎஸ்ஐ மருந்தகத்தில், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்தார் பெயர் பதிவில் ஏறியிருக்க வேண்டும், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கெல்லாம் அங்கே போய் நிற்க முடியாது, அரை நாள் சம்பளம் போய்விடும் என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மைதான். ஸ்கேன், ஆபரேஷன், தொடர் மாத்திரை என்று வரும்போது அங்கே போங்கள். பிடித்தம் இல்லையென்றால் கம்பெனியில் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பணத்தை எங்கே வைப்பது? சம்பளம் வரும் கணக்கில் வைக்கவே கூடாது. இருப்பு தெரிந்தால் கை போகும். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, உங்கள் பெயரில், எந்த யுபிஐ ஆப்போடும் இணைக்காமல். ஸ்டேட் பேங்க், கனரா, இந்தியன் வங்கி போன்றவற்றில் சாதாரண சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டாலும் அபராதம் இல்லை, ஜூனில் மொத்தமாகத் துடைத்து எடுத்தாலும் பரவாயில்லை. சம்பளம் வந்த மறுநாளே பணம் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்துவிடுங்கள். தேதி நிச்சயமான செலவுக்கு, உதாரணமாக அடுத்த ஜூன் ஃபீஸுக்கு, வங்கியில் 10 மாத ஆர்டி போடலாம். தபால் அலுவலக ஆர்டி நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்து வருடத்துக்கானது, இந்தத் தேவைக்குச் சரிவராது. பதினொரு மாத நகைச் சீட்டும் அப்படியே; முடிவில் நகைதான் கிடைக்கும், பள்ளியில் ஃபீஸ் கட்ட உதவாது.

தீபாவளிச் சீட்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாதம் கொஞ்சம் கொடுத்து, தீபாவளிக்குப் பட்டாசு, ஸ்வீட், பாத்திரம் என்று வாங்குவது, நான் மேலே சொன்ன அதே முறைதான். நம் தெருப் பெண்கள் எத்தனையோ காலமாகச் செய்து வருவது. முறை நல்லது, பணம் போய் உட்காரும் இடம்தான் ஆபத்து. பிடிப்பவர் எந்தப் பதிவும் இல்லாமல் வீட்டிலிருந்து நடத்துகிறார் என்றால், ஐப்பசியில் அவர் வீடு பூட்டிக் கிடந்தால் உங்கள் கையில் ஒரு அட்டை மட்டும் இருக்கும். மாதம் 500-க்குமேல் அப்படிக் கொடுக்க வேண்டாம் என்பேன். முடிந்தால் அதுவும் வேண்டாம். ஏலச்சீட்டு போடுவதானால் 1982-ஆம் வருடச் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவானதா என்று பார்த்துப் போடுங்கள். ஆனால் கடன் இருக்கும் வீட்டில் ஏலச்சீட்டை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. அவசரத்தில் தள்ளி எடுப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள், அந்தத் தள்ளுபடியே ஒரு வட்டி.

சொந்த வீட்டில் இருப்பவர்கள் தங்கள் பட்டியலில் வீட்டு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நகர்ப்புறத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை வருவது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. மகளிர் உரிமைத் தொகை 1,000 வரும் வீடுகளில் அந்த ஒரு கணக்கையே பள்ளிக் கணக்காக வைத்துக்கொள்வது நல்ல வழி. எடுக்காமல் விட்டால் வருடம் 12,000, தனியாக முயற்சி எதுவும் வேண்டாம். உங்கள் வருமானம் அதன் வரம்பைத் தாண்டிவிட்டதால் உங்களுக்கு இது பொருந்தாது.

2,217-ஐ எதற்குக் கட்டுவது, புதிய நகைக்கடனுக்கா பர்சனல் லோனுக்கா என்று அடுத்து கேட்பீர்கள். வட்டியைப் பார்த்தால் பர்சனல் லோன்தான் கூட. ஆனால் அதில் பாதிப் பணம் முன்கூட்டிக் கட்ட விடுவார்களா, விட்டால் கட்டணம் எவ்வளவு என்பது கடன் கொடுத்தபோது தந்த அனுமதிக் கடிதத்தில் இருக்கும். கட்டணம் இல்லையென்றால் அதற்குக் கட்டுங்கள். கட்டணம் உண்டு, அல்லது மொத்தமாகத்தான் முடிக்க வேண்டும் என்று இருந்தால் நகைக்கடன். வீட்டுக்காரர் நகைக்கு முதலிடம் கொடுக்கலாம் என்று சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன். 16-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் 2,217 ரூபாய்க்கு மாதம் பதினோரு ரூபாய் அளவுதான், வளையல் சீக்கிரம் வீட்டுக்கு வருவது உங்கள் இருவருக்கும் அதைவிடப் பெரிது.

16 சதவீதம் என்று வைத்தால், 6,200 ஈஎம்ஐயில் பர்சனல் லோன் 27 மாதத்தில் தானாகவே முடிகிறது. அதற்குள் வளையல் கடனும் பெரும்பகுதி கரைந்திருக்கும். விடுபட்ட 6,200-ஐயும் சேர்த்துப் போட்டால் இரண்டு மாதத்தில் வளையலை மீட்டுவிடலாம். அதற்குப் பிறகு பழைய நகைக்கடன் 60,000. மாதம் 8,400 கட்டினால் எட்டு மாதத்துக்குள் அதுவும் போய்விடும், ஆகஸ்ட் வட்டி 6,000 உங்கள் வருடப் பட்டியலிலிருந்து அடிபடும். அந்த வருடம் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். பெரியவன் அப்போது பத்தாம் வகுப்பில் இருப்பான், ஃபீஸ் 34,000-த்தில் நிற்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். போன வருடத்து வங்கி ஸ்டேட்மெண்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, நான் போட்ட 1,06,000-த்தில் விடுபட்டது என்ன என்று குறியுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் போட்ட கணக்கு இது. ஏதாவது ஒன்றிரண்டு நிச்சயம் விடுபட்டிருக்கும். மொத்தம் 1,20,000-க்கு மேல் வந்தால் மறுபடி எழுதுங்கள். அப்போது எதைக் குறைப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று வேறு கணக்கு போட வேண்டும்.